படகுக்கு வெளிச்சம் வைத்த கதை

எனக்கு நீந்தத் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை ஆர் தொடக்கிவைத்தது என்று தெரியாது. நான் தொடக்கவில்லை; ஆனால் கலைக்கவும் இல்லை. அந்த நம்பிக்கையின் பேரில்தான் ஐம்பத்திமூன்று வயதில் ஒரு பாய்மரப் படகுக்குச் சொந்தக்காரன் ஆனேன்.

எனக்கு ஒரு லொறிக் கம்பனியில் வேலை. எந்த லொறி எந்த வழியால் போகவேண்டும் என்று கதிரையில் இருந்துகொண்டு சொல்வதுதான் வேலை. அங்கே என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் வேலையை விட்டு இளைப்பாறும் நேரம், "முழங்கால் இரண்டும் போய்விட்டது, இனிப் படகு எனக்குச் சரிவராது, ஒரு நல்ல மனிதன் கையில் அதைக் கொடுத்துவிட வேண்டும்" என்று சாப்பாட்டு அறையில் வைத்துச் சொன்னார். அந்த நேரம் அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். என்னை நல்ல மனிதன் என்று சொன்னாரா, இல்லை, வேறு ஆட்களைத் தேடச் சொன்னாரா என்று நான் துருவிக் கேட்கவில்லை. உடனே கையைக் கொடுத்துவிட்டேன்.

இருபத்திநாலடிப் படகு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவர் கோபம் இருக்கக்கூடாது. பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். முதல்நாள் பார்க்க வந்த மனைவி அதைத்தான் முதலில் பார்த்தா.

"உது ஆர்?"

"பழைய சொந்தக்காரற்றை முதல் மனுசியாம்."

"ரெண்டாவது மனுசி உதை விட்டுவைச்சவவோ?"

"அதாலைதான் முழங்கால் போச்சோ தெரியாது."

மனைவி சிரிக்கவில்லை. அவ ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறைக்குப் பொறுப்பாக இருக்கிறா. இருநூறு பேருக்கு ஆருக்கு உப்பு, ஆருக்கு உப்பில்லை என்று தினமும் தீர்மானிக்கிறவ. என் பகிடிகளுக்கும் அதே அளவுதான்.

ஸ்காபரோவில் வெள்ளை மண்பாறைகளுக்குக் கீழே ஒன்ராறியோ ஏரிக்கரையில் படகுத்துறை இருக்கிறது. இரண்டு கோடைகாலம் அங்கிருந்து பகலில் போனோம், பகலில் வந்தோம். மனைவி இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டு இருப்பா. படகு அவவைக் கொண்டுபோகிறதா, அவ படகைக் கொண்டுபோகிறாவா என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். ஆனால் எனக்கு ஓர் ஆசை இருந்தது. கரைக்குக் கொஞ்சம் வெளியே நங்கூரத்தைப் போட்டுவிட்டு, இரவு படகிலேயே படுக்க வேண்டும். முப்பது வருசமாகக் காலையில் ஒரு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை என்று ஓடியவன், ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதற்காகப் படகு வாங்கினேன் என்று சொன்னால் ஆருக்கும் விளங்காது. அதனால் ஆருக்கும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"இரவிலை நடுத்தண்ணியிலை நிண்டால், வாற படகுக்காரனுக்கு எங்களைத் தெரியுமோ?" என்று கேட்டா.

"ஏன் தெரியாது? உச்சியிலை லைற் இருக்கு."

"எங்கை, போட்டுக் காட்டுங்கோ."

போட்டேன். சுவிச்சுக்கு ஒரு குறையும் இல்லை; 'டக்' என்று நல்ல சத்தம். வெளிச்சம்தான் வரவில்லை. லைற் இருப்பது பாய்மரத்தின் உச்சியில், முப்பதடி உயரத்தில். வயர் உள்ளுக்குள் எங்கோ செத்துப்போயிருந்தது. ஏறிப் பார்க்கலாம் என்று பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே தலை சுற்றியது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு தீர்ப்புச் சொன்னா.

"நான் ஒரு இரவு வந்து படுப்பன். பயமில்லாமல் விடிஞ்சுதெண்டால் வைச்சிருங்கோ. பயம் வந்ததெண்டால் அடுத்த நாளே ஆருக்கும் குடுத்துப்போட வேணும். சரியோ?"

"சரி" என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். படகு இருக்குமா போகுமா என்பது இனிக் காற்றின் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஒரு லைற்றின் கையில் இருக்கிறது.

நான் லைற்றுகளைத் தேடிப் போகத் தேவையிருக்கவில்லை. வீட்டு வாசலில், மனைவியின் பூச்செடிகளுக்கு நடுவே, நாலு சோலார் லைற்றுகள் நின்றன. பகலில் வெயில் குடித்து, இருட்டினதும் தானாக எரிகிற வகை. மண்ணில் குத்துவதற்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் முள். படகின் ஓரத்தைச் சுற்றிக் குழாய்க் கம்பிகள் நிற்கின்றன. நாலு குழாயின் தலைப்பு மூடிகள் எப்போதோ காணாமற்போயிருந்தன. அந்த ஓட்டைக்குள் லைற்றின் முள் அளவெடுத்துச் செய்ததுபோல இறங்கியது. இவ்வளவு சுலபமாக ஒரு வேலை எனக்கு வாழ்க்கையில் முடிந்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எரிகிறதா என்று வீட்டு நிலவறையில் வைத்துப் பார்த்தேன். இருட்டில் எரிந்தது. வடிவாகப் பார்ப்போம் என்று அறை லைற்றைப் போட்டேன், அணைந்துவிட்டது. அறை லைற்றை அணைத்தேன், எரிந்தது. இப்படி ஏழெட்டுத் தரம் போட்டும் அணைத்தும் பார்த்ததில் மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "கீழை என்னப்பா, டிஸ்கோவோ?"

ஒத்திகைக்கு என் மச்சானைப் பிடித்தேன். மனைவியின் தம்பி. கிட்ட, அஜின்கோர்ட்டில் இருக்கிறான். விழா மண்டபங்களுக்கு ஒலி, ஒளி அமைப்பது அவன் தொழில். அதனால் வெளிச்சம் சம்பந்தமாக உலகத்தில் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவனுடைய எண்ணம். ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபட, நான் படகைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய் நங்கூரம் போட்டேன். அவன் ஏரிக்கரை மணலில் நின்று தொலைபேசியில் நிலவரம் சொன்னான்.

"அத்தான், போட்டிட்டீங்களோ?"

"போடத் தேவையில்லை. தானா எரியுது. தெரியுதோ?"

"இல்லை."

"வடிவாப் பார்."

"மின்மினி மாதிரி ஏதோ ஒண்டு தெரியுது. அது நீங்களோ, இல்லாட்டி ஆரும் சிகரெட் பத்துறாங்களோ தெரியேல்லை."

"நாலு லைற் எரியுதடா!"

"அப்ப நாலு பேர் பத்துறாங்கள்."

அடுத்த வெள்ளி அவன் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு பெரிய பெட்டி நிறையச் சரம் சரமாகக் கலர் லைற்றுகள், சோலாரில் ஓடுவது. என் மகள் பெரியபிள்ளையானபோது, அவளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபத்து வாசலில் தொங்கவிட்டவை. மகள் இப்போது படித்து முடித்து ஒட்டாவாவில் வேலை பார்க்கிறாள். லைற்றுகள் மட்டும் இன்னும் அந்த நாளிலேயே இருந்தன. "உதைப் போட்டுப் பாருங்கோ அத்தான். உது தெரியாட்டி நான் இந்தத் தொழிலையே விடுறன்" என்றான்.

பாய்மரத்தின் உச்சிவரைக்கும் பாய்க்கயிற்றில் கட்டி இழுத்தோம். அங்கிருந்து முன்னுக்கும் பின்னுக்குமாக இறக்கினோம். அவன் தொலைபேசியோடு மணலுக்குப் போக, நான் வெளியே போய் நங்கூரம் போட்டேன். இருட்டியது. நான் படகின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு ஓடியது, பச்சை ஓடியது, நீலம் நின்று கண்ணடித்தது, பிறகு எல்லாம் சேர்ந்து துள்ளின. பொம்பிளை மாப்பிளை இல்லாத மணவறை மாதிரி மின்னிய படகில் நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

"இப்ப?"

"ஆ, இப்ப கதை வேறை! சோக்காத் தெரியுது. இஞ்சை நிக்கிற சனம் எல்லாம் ஃபோட்டோ எடுக்குது. ஒரு சீனக் குடும்பம் ரிக்கெற் எங்கை எடுக்கிறதெண்டு கேக்குது."

வெற்றி என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் படகுத்துறையில், பக்கத்துப் படகுக்காரி கோப்பிக் கோப்பையோடு என்னைக் காத்துக்கொண்டிருந்தாள். என் வயதுக்காரி. பெரிய ஏரிகள் ஐந்திலும் தனியாக ஓடியவள். பேச்சில் சீனி போடுவதில்லை, கோப்பியிலும் போடுவதில்லை.

"நேற்று இரவு அது நீயா?" என்றாள் ஆங்கிலத்தில்.

பெருமையாக ஓம் என்றேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். தண்ணீரில் வெளிச்சம் என்பது அலங்காரம் அல்ல, பேச்சு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை காட்டினால், நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நங்கூரம் போட்டு நிற்கிறவன் எல்லாப் பக்கமும் தெரியும்படி ஒரு வெள்ளை வெளிச்சம் காட்ட வேண்டும். அவ்வளவுதான். "உன்னுடையதைப் பார்த்தால், நீ வருகிறாய், போகிறாய், திரும்புகிறாய், மறுபடியும் வருகிறாய். எல்லாம் அரை நிமிடத்துக்குள். நான் பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். நீ ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்."

அது ரொட்டி இல்லை, மட்டன் ரோல்ஸ். நான் திருத்தவில்லை.

ஆக, மூன்றாவது கிழமை காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போய் ஒரு சோலார் லாந்தர் வாங்கினேன். வெள்ளை. பெரிய பூசணிக்காய் அளவு. பொத்தான், சுவிச்சு ஒன்றும் கிடையாது. இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும். சுவிச்சு இருந்தால் எனக்கு மறந்துபோகும் என்று மனைவி சொல்லுவா, அதனால் இதுவே நல்லதென்று பட்டது. முன்பக்கக் கயிற்றில் கட்டி ஆளுயரத்துக்கு மேலே ஏற்றினால், படகின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. பக்கத்துப் படகுக்காரி ஒருநாள் இரவு தன் படகிலிருந்தபடி பார்த்துவிட்டு, "காணும், இவ்வளவு போதும்" என்றாள். அவள் வாயிலிருந்து அது ஒரு பட்டமளிப்பு. மனைவியின் பூச்செடி லைற்றுகள் நாலையும் குழாய்களில் அப்படியே விட்டேன். அவை எங்களுக்காக, காலில் கயிறு தடக்காமல் நடப்பதற்கு.

அந்தச் சனிக்கிழமை வந்தது.

மனைவி இடியப்பமும் சம்பலும் ஒரு சோதனையில் பாசான முகமுமாக வந்தா. சோதனை வைக்கிறவவும் அவதான் என்பது ஞாபகம் வர, எனக்கு இடியப்பம் இறங்கவில்லை. காற்று வடக்கிலிருந்து மெல்ல வந்தது. பாறைகள் அதை மறைத்தன. ஏரி எண்ணெய் தடவின தலைமாதிரிப் படிந்து கிடந்தது. நான் நங்கூரத்தைப் போட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்து, இன்னொருதரம் இழுத்துப் பார்த்து, அது பிடித்திருக்கிறது என்று ஒரு கப்பல் கப்ரின் குரலில் அறிவித்தேன்.

"ஏன் கத்துறியள்? நான் பக்கத்திலைதானே இருக்கிறன்."

ஒன்பது மணி கழிய இருட்டியது. முதலில் குழாய்களில் நாலும் ஒவ்வொன்றாக விழித்தன. பிறகு லாந்தர். வெள்ளை வெளிச்சம் படகின்மேல் விழுந்து, சுற்றியிருந்த தண்ணீரிலும் ஒரு வட்டம் போட்டது. மனைவி எழும்பி முன்னுக்குப் போய் அண்ணாந்து பார்த்தா. பின்னுக்கு வந்து பார்த்தா. அங்கிருந்து இங்கிருந்து எல்லாம் பார்த்துவிட்டு உட்கார்ந்தா.

"பறவாயில்லை. தெரியும்."

"ரெண்டு மைலுக்குத் தெரியும்" என்றேன். அந்தக் கணக்கு பெட்டியில் எழுதியிருந்தது.

"அப்ப இனிப் பயமில்லை" என்றா, தனக்கே சொல்லுவதுபோல. கையைப் படகிலிருந்து எடுத்து மடியில் வைத்தா. இரண்டு வருசத்தில் முதல்முறையாக அந்தப் படகில் அவவின் இரண்டு கையும் சும்மா இருந்ததைக் கண்டேன். கதைக்கத் தொடங்கினோம். மகளைப் பற்றி, மகள் ஒளிக்கிறதாக நினைக்கிற பெடியனைப் பற்றி, முதியோர் இல்லத்தில் தினமும் தன் மனைவிக்கென்று ஒரு பிஸ்கற்றை ஒளித்துவைக்கிற கிழவரைப் பற்றி. பத்து மணியிருக்கும்.

சத்தம் முதலில் அவவுக்குத்தான் கேட்டது. கதையை நடுவில் நிறுத்தித் தலையைச் சரித்தா. நானும் காது கொடுத்தேன். எஞ்சின். மேற்குப் பக்கத்தில், தூரத்தில், அவசரமில்லாமல் ஒரு எஞ்சின். பிறகு அந்தப் பக்கத்துத் தண்ணீரின்மேல் ஒரு வெளிச்சக்கோல் நீண்டு, அங்கேயும் இங்கேயும் தடவியது.

இதற்குப் பிறகு நடந்ததில் மூளைக்குப் பங்கில்லை. நான் முன்பக்கம் தவழ்ந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தேன். லாந்தர் சறுக்கிக்கொண்டு இறங்கி என் தோளில் விழுந்தது. படுக்க வைத்திருந்த போர்வையை இழுத்து அதைச் சுற்றினேன். சுற்றிவிட்டு அதன்மேல் குப்புறப் படுத்தேன். படுத்தபடி திரும்பிப் பார்த்தால், குழாய்களில் ஒரு லைற்றும் இல்லை. நாலையும் மனைவி பிடுங்கி மடியில் போட்டு, துவாயால் மூடி, அதன்மேல் மடிந்து குந்தியிருந்தா. ஒருவருக்கொருவர் ஒரு சொல் சொல்லவில்லை. இருபத்தாறு வருசக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேலையை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்தது கிடையாது.

"தலையைப் பதியுங்கோ" என்றா, குரல் வெளியில் வராமல்.

பதித்தேன்.

வெளியாட்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நாங்கள் இரண்டு பேரும், கலியாணத்துக்கு முன், சண்டைக் காலத்தில், வேறுவேறு வருசங்களில், ஒருவரையொருவர் தெரியாமல், யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வெளியே வந்தவர்கள். இங்கேயுள்ள எங்கடை சனத்தில் எத்தனையோ பேர் அப்படி வந்தவைதான். 'கிளாலியாலை வந்தனாங்கள்' என்று, ஏதோ பஸ் மாறி வந்ததுபோலச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவோம். இரவில்தான் படகு வெளிக்கிடும். வெளிச்சம் கூடாது. பீடி பத்தக்கூடாது, இருமக்கூடாது. எஞ்சின் சத்தம் கேட்டு, தேடுகிற வெளிச்சம் தெரிந்தால், படகோடு படகாகப் படுத்துவிட வேண்டும். நான் வந்த இரவு, எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் கைக்கடிகாரத்தின் இருட்டில் ஒளிரும் பச்சை முள்ளுத் தெரியாமல் வழி முழுக்க மற்றக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். கடற்படைக்காரர் கண்டால் சுடுவார்கள். தண்ணீரில் இரவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

மூன்று கிழமையாக இந்த ஏரிக்கே என்னைக் காட்ட வேண்டும் என்று பாடுபட்டவன் நான். முதன்முதலாக ஒருவன் பார்க்க வந்ததும் ஒளித்துவிட்டேன்.

அதில் பெரிய துன்பம் என்னவென்றால், சோலார் லைற்றை ஒளிக்க முடியாது. இருட்டைக் கண்டால் எரிவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. போர்வைக்குள் இருட்டு, அதனால் லாந்தர் உற்சாகமாக எரிந்தது. என் வயிற்றுக்குக் கீழேயிருந்து வெள்ளையாக ஒரு ஒளிவட்டம் கிளம்பியது. மனைவியின் துவாய்க்குள்ளும் நாலு நட்சத்திரம் முழித்துக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் படகு காணாமற்போயிருக்கும். கிட்ட வந்து பார்த்தால், ஒரு நடுவயதுத் தம்பதி உள்ளுக்குள்ளிருந்து பிரகாசிப்பது தெரியும்.

கிட்டத்தான் வந்தார்கள். எஞ்சின் தணிந்தது. வெளிச்சக்கோல் எங்கள்மேல் வந்து நின்றது. உடனே, பகல் வந்துவிட்டது என்று நினைத்து ஐந்து லைற்றும் ஒன்றாக அணைந்தன.

பொலிஸ் படகு. இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஓர் ஆணும். பெண்தான் பேசினாள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. நான் உளறியதைத் தமிழில் கொஞ்சம் திருத்தி எழுதுகிறேன்.

"ஐயா, எல்லாம் சரியா?"

நான் போர்வையோடு எழும்பினேன். "எல்லாம் சரி."

"இங்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது. நல்ல வெளிச்சம், வெகு தூரத்திலேயே கண்டோம். வழியோடு போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று அது இல்லை. படகு தண்ணீருக்குள் மூழ்கித் தாண்டுவிட்டதோ என்று பார்க்க வந்தோம்."

நான் போர்வைச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"நங்கூர வெளிச்சம் எங்கே?"

லாந்தரைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினேன். அவர்களின் வெளிச்சத்தில் அது கல்லுமாதிரிக் கிடந்தது.

"இது எரியவில்லையே?"

"எரியும். நீங்கள் பார்க்காவிட்டால் எரியும்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். இந்த ஆளுக்கு ஊதிப் பார்க்கிற கருவி தேவையா என்று யோசித்த பார்வை. நான் சோலார் சங்கதியைச் சொல்ல, அவள் கைகாட்ட, மற்றவன் பெரிய வெளிச்சத்தை வானத்துக்குத் திருப்பினான். லாந்தர் என் கையில் பளிச்சென்று எரிந்தது. மனைவியின் மடியும் எரிந்தது.

"அவற்றையும் கழற்றிவிட்டீர்களா? ஏன்?"

"துடைக்கிறதுக்கு" என்றேன்.

"எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்? இருட்டில்?"

"ஓம்" என்றா மனைவி, துவாயை இழுத்து மூடிக்கொண்டு. "சரியான தூசு."

ஒன்ராறியோ ஏரியின் நடுவில் நின்ற எங்களைத் தூசு மூடியிருந்தது. அந்தப் பெண் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்டாள், காட்டினோம். வெளிச்சத்தை உயரத்தில் ஏற்றிவைக்கச் சொன்னாள், விடியுமட்டும் இறக்க வேண்டாம் என்று ஒரு தரமல்ல, இரண்டு தரம் சொன்னாள். நல்லாப் படுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எஞ்சின் சத்தம் கிழக்கே போய்த் தேய்ந்தது.

நான் லாந்தரைத் திரும்ப ஏற்றினேன். முடிச்சு மூன்றாம் தரம்தான் விழுந்தது. மனைவி அசையாமல் இருந்தா.

"என்னத்துக்கு வந்தவங்கள்?"

"நாங்கள் தாண்டுபோனமோ எண்டு பாக்க."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"வேறை ஒண்டும் இல்லை."

"தாண்டிருந்தால்?"

"தூக்கியிருப்பாங்கள்."

அவ அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தா, புதுச் சாமானைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதுபோல. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறா என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரிப்பு. "நீங்கள் பார்க்காவிட்டால் எரியும்!" என்று என் ஆங்கிலத்திலேயே சொல்லிக் காட்டி, கண்ணில் தண்ணி வரச் சிரித்தா.

"உம்மடை தூசு மட்டும் இதுக்குக் குறைவோ?" என்றேன்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக நான் கேட்டேன். "தெரியாமல் வந்து இடிப்பாங்கள் எண்டெல்லோ பயமெண்டனீர்?"

"அப்பிடித்தான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவ எழும்பி, மடியிலிருந்த லைற்றுகளை ஒவ்வொன்றாகக் குழாய்களில் குத்தினா. நாலாவதைக் குத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தா. குத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்தா. பத்து நிமிசத்தில் குறட்டை கேட்டது.

நான் படுக்கவில்லை. இவ்வளவு காலம் ஆசைப்பட்ட அந்த இரவு முழுக்க வெளியில் குந்திக்கொண்டு, எரிகிறதா எரிகிறதா என்று லாந்தரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் ஒரு தாரா சிறகடித்தாலும் என் கை கயிற்றுக்குப் போனது. போன கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்தேன். இரண்டு மணிக்கு ஒரு எஞ்சின் தூரத்தில் போனது. அது போய் முடியும்வரை இரண்டு கையையும் மடியில் அமத்திப் பிடித்தேன். இனிப் படகு போய்விட்டது என்றும் அந்த நேரம் நினைத்தேன். சோதனையில் அவ கேட்டது பயமில்லாத ஒரு இரவு. அவ கண்முன்னால் நான் ஒரு லாந்தரின்மேல் குப்புறப் படுத்தேன். இதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? ஆருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல்கூட மனதில் போட்டேன். மச்சானுக்குக் கொடுப்பதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

விடிந்தது. பாறைகள் முதலில் சாம்பலாகவும் பிறகு வெண்மஞ்சளாகவும் வந்தன. லைற்றுகள் அணைந்தன. மனைவி தலையைக் கோதிக்கொண்டு வெளியே வந்து, சூட்டுப்போத்தலிலிருந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினா. என் முகத்தைப் பார்த்தா.

"நித்திரை கொள்ளேல்லையோ?"

"கொண்டனான்."

"பொய்."

"ஓம்."

"பயமோ?"

இனி மறைத்து என்ன பிரயோசனம்? "ஓம். உமக்கு?"

"எனக்கும்தான். அந்த வெளிச்சத்தைக் கண்ட உடனை உயிர் போச்சு."

தேத்தண்ணியைக் குடித்தோம். நான் மெதுவாகச் சொன்னேன். "அப்ப குடுத்துப்போடுவம். பயம் வந்தால் குடுக்கிறதெண்டுதானே கதை."

"அது எனக்கு மட்டும் வந்தால்" என்றா மனைவி. "உங்களுக்கு வராமல், நீங்கள் பெரிய கப்ரின் மாதிரி நிண்டிருந்தால், இண்டைக்கே குடுக்கச் சொல்லியிருப்பன். ரெண்டு பேருக்கும் வந்ததெண்டால் பறவாயில்லை."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நல்லகாலம், அதற்குள் அவ எழும்பி, "சரி, நங்கூரத்தை இழுங்கோ, பத்து மணிக்கு எனக்கு வேலை" என்றா.

இழுத்தேன். வரவில்லை. ராத்திரி நான் இரண்டு தரம் இழுத்து இறுக்கினதில் அது சேற்றுக்குள் கழுத்துவரை புதைந்திருந்தது. முக்கால் மணித்தியாலம் போராடினேன். நான் இழுத்தேன். எப்படி இழுக்க வேண்டும் என்று அவ சொன்னா.